ரெட்கேப்: குழந்தைகள் மருந்தாய்வுக்கு ஒத்துவருமா?

பெரியவர்களிடம் நடத்தும் மருந்தாய்வுக்கு ரெட்கேப் போதுமா என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் போதும் என்று சொல்லிவிடலாம். குழந்தைகள் ஆய்வு என்றால் கொஞ்சம் நிறுத்தித்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த மென்பொருளுக்குக் குழந்தை என்றால் என்னவென்று தெரியாது. வயது நாள்கணக்கில் நகரும், எடை மாதாமாதம் ஏறும், மருந்து குடிப்பது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர். இதையெல்லாம் நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் குழந்தை சேரும் முன் சொல்லிக்கொடுத்துவிட்டால் நன்றாகவே வேலை செய்யும். பாதியில் சொல்லப்போனால் பழைய தரவோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-ல் உருவான தரவுச் சேகரிப்பு மென்பொருள் இது. லாப நோக்கில்லாத நிறுவனங்களுக்கு உரிமம் இலவசம். ஆனால் தனி ஆள் இறக்கிக்கொள்ள முடியாது. கல்லூரியோ மருத்துவமனையோ ஒப்பந்தம் போட்டு, தன் சர்வரில் நிறுவி, ஓர் அட்மினை நியமித்த பிறகே மாணவருக்கோ ஆய்வாளருக்கோ கணக்கு கிடைக்கும். படிவம் அமைக்க நிரல் தெரிய வேண்டியதில்லை. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் முழுதும் பதிவாகிறது. எக்ஸெல் தாளில் ஆய்வு நடத்துகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மாறலாம்.

முதல் கண்ணிவெடி வயது. இரண்டு தேதிகளுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட 'டேட்டிஃப்' என்ற செயல்பாடு இருக்கிறது. மாதம் என்று கேட்டால் அது நாள்காட்டியைப் பார்ப்பதில்லை, மொத்த நாள்களை 30.44-ஆல் வகுக்கிறது. ஆறு மாதம் நிரம்பிய குழந்தைகளை மட்டும் சேர்க்கும் ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி 1-ல் பிறந்த குழந்தைக்கு ஆகஸ்ட் 1-ல் ஆறு மாதம் முடிகிறது. இடையே 181 நாள். வகுத்தால் 5.95. கீழே முழு எண்ணாக்கினால் 5. தகுதியில்லை என்று திரையில் வரும், தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவார். முதல் பிறந்தநாளிலும் இதே கதை. 365 நாளை வகுத்தால் 11.99, அதனால் ஒரு வயது நிரம்பிய குழந்தை 11 மாதம் ஆகிவிடும். வருடக் கணக்கில் வகுக்கும் எண் 365.2425. 2009 மே 15-ல் பிறந்தவருக்கு 2027 மே 15-ல் பதினெட்டு முடிகிறது. கணினிக்கு அன்று 17.999 வயதுதான்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஆய்வு நெறிமுறையிலேயே, அதாவது ஆய்வை எப்படி நடத்துவது என்று எழுதிவைக்கும் ஆவணத்திலேயே, தகுதி வயதை நாளில் எழுதிவிடுவது நல்லது. '180 நாள் முதல் 364 நாள் வரை' என்று இருந்தால் குழப்பமே கிடையாது. மாதத்தில்தான் எழுதியாக வேண்டுமென்றால் தேதியின் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியே பிரித்தெடுக்கும் செயல்பாடுகளைப் பயன்படுத்துங்கள். ஆண்டு வித்தியாசத்தைப் பன்னிரண்டால் பெருக்கி, மாத வித்தியாசத்தைக் கூட்டி, விசிட் தேதியின் (குழந்தை ஆய்வுக்கு வந்த தேதியின்) நாள் எண், பிறந்த தேதியின் நாள் எண்ணைவிடச் சின்னதாக இருந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணும் கணக்கும் இதுதான்.

வயதுக் கணக்கில் 'இன்று' என்ற சொல்லைப் போடவே கூடாது. ஒவ்வொரு முறை படிவத்தைத் திறந்து சேமிக்கும்போதும் வயது கூடிவிடும். சேர்ந்தபோது எட்டு மாதமாக இருந்த குழந்தை, ஆய்வு முடிவில் யாரோ ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தியதால் இரண்டு வயதாகி நிற்கும். விசிட் தேதியைத்தான் போட வேண்டும். இன்னொன்றும் உண்டு. டேட்டிஃப் சும்மா விட்டால் குறைக்குறியைக் காட்டாது. பிறந்த ஆண்டைத் தவறாகத் தட்டி, விசிட்டுக்குப் பிறகு பிறந்ததாகப் பதிந்தாலும் வயது நல்ல பிள்ளையாக நேர்மறை எண்ணில் வரும். கடைசியில் 'ட்ரூ' என்று சேர்த்தால்தான் கழித்தல் குறி தெரியும்.

குறைமாதக் குழந்தைகள் இருந்தால் திருத்திய வயதுக்கு, அதாவது 40 வாரம் நிரம்பிப் பிறந்திருந்தால் இருக்கும் வயதுக்கு, தனிக் கட்டம் வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 40-லிருந்து மீதி 8 வாரம், அதாவது 56 நாளைக் கழிக்க வேண்டும். கர்ப்ப வயதை வாரம், நாள் என இரண்டு கட்டமாக வாங்குங்கள். ஒரே கட்டத்தில் '32.4' என்று எழுத விட்டால் ஒருவர் 32 வாரம் 4 நாள் என்று நினைத்து எழுதுவார், இன்னொருவர் தசமம் என்று நினைத்து எழுதுவார். பிறகு எது எது என்று பிரிக்கவே முடியாது.

ஒப்புதல் விஷயத்தில் ரெட்கேப் கொடுப்பது பாதி. மின்னணு ஒப்புதல் வசதி உண்டு. கையெழுத்தைத் திரையில் வரைந்து வாங்கி, முடிந்ததும் பிடிஎஃப் ஆகச் சேமித்து வைக்கிறது, பதிப்பு எண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் இந்தியாவில் குழந்தைகள் ஆய்வுக்கு அது மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி குழந்தையிடமும் சம்மதம் கேட்க வேண்டும், அதற்கு இசைவு என்று பெயர். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை பெற்றோர் முன்னிலையில் வாய்மொழி இசைவு, அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்துப்பூர்வ இசைவு. பெற்றோர் ஒப்புதல் எல்லா வயதுக்கும் உண்டு. ஆகவே மூன்று படிவம் தயாரித்து, சேர்ந்த நாளின் வயதைப் பார்த்து எது திறக்க வேண்டும் என்று கிளைவிதி எழுத வேண்டும். ஆய்வு நடுவில் குழந்தை பன்னிரண்டைத் தாண்டினாலோ பதினெட்டைத் தொட்டாலோ புதுப் படிவம் வேண்டும். இதை மென்பொருள் தானாக நினைவூட்டாது. அந்தத் தேதியைக் கணக்கிட்டு ஒரு கட்டத்தில் வைத்து, அதற்கு முன்னதாக மின்னஞ்சல் போகும்படி அமைக்க வேண்டும்.

புதிய மூலக்கூறு மருந்தை ஆய்வு செய்தால் 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகளின்படி, எளிதில் பாதிக்கப்படக்கூடியோரிடம் ஒப்புதல் வாங்குவதை ஒளி-ஒலிப் பதிவு செய்தாக வேண்டும். குழந்தைகள் அந்த வகையில்தான் வருகிறார்கள். அந்த வீடியோவை ரெட்கேப்புக்குள் ஏற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். கோப்பு ஏற்றும் கட்டம் இருக்கிறது, ஆனால் அட்மின் வைத்த அளவு வரம்பில் முட்டும். முட்டாவிட்டாலும் சர்வர் காப்புநகல் ஊதிப்போகும். வீடியோவை வேறு பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டு, கோப்பின் பெயர், எடுத்த நேரம், எந்த வன்தட்டு என்ற மூன்றை மட்டும் இங்கே பதிவது நல்லது.

கையெழுத்திட்டவர் யார், குழந்தைக்கு என்ன உறவு என்ற கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். முதல் விசிட்டுக்கு அம்மா வருவார், மூன்றாவது விசிட்டுக்குப் பாட்டி தூக்கிக்கொண்டு வருவார். நெறிமுறைத் திருத்தத்துக்கான மறு ஒப்புதல் அன்றைக்கு என்றால், சட்டப்படியான பாதுகாவலர் அல்லாத பாட்டியிடம் வாங்கிய கையெழுத்து செல்லாது. கண்காணிப்பாளர் வந்து கேட்கும்போது இந்தக் கட்டம்தான் விடை சொல்லும்.

பெயரும் ஒரு தொல்லை. பிறந்த குழந்தைக்கு மருத்துவமனைச் சீட்டில் தாயின் பெயர்தான் இருக்கும், மூன்று மாதம் கழித்துச் சொந்தப் பெயரோடு வரும். பெயரை வைத்து ஆளைத் தேடினால் ஒரே குழந்தை இரண்டு முறை சேரலாம். தாயின் மருத்துவமனை எண், பிறப்பு வரிசை இரண்டையும் சேர்த்து இரட்டைப் பதிவைத் தடுக்கும் கட்டமாக வையுங்கள்.

ரேண்டமைசேஷன், அதாவது யாருக்கு எந்த மருந்து என்று குலுக்கல் முறையில் ஒதுக்கும் பகுதி எளிமையானது, அதே அளவுக்குப் பிடிவாதமானது. ஒதுக்கீட்டுப் பட்டியலை அது தயாரிக்காது. புள்ளியியலாளர் ஆர், ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளில் தயாரித்துத் தரும் பட்டியலை ஏற்ற வேண்டும். சோதனைக் காலத்துக்கு ஒன்று, நிஜத்துக்கு வேறொன்று. நிஜ ஆய்வு தொடங்கிய பின் பட்டியலை ஆய்வுக்குழு மாற்ற முடியாது. இது குறையல்ல, இதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறோம்.

குழந்தைகள் ஆய்வில் இடிக்கும் இடம் வேறு. வயதுப் பிரிவை அடுக்காக வைக்க, அதாவது ஒவ்வொரு வயதுப் பிரிவுக்குள்ளும் மருந்துகளைச் சமமாகப் பங்கிட, ஆசைப்படுவோம். அடுக்குக்குப் பயன்படும் கட்டம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகையாகத்தான் இருக்க வேண்டும், தானே கணக்கிட்ட கட்டத்தை ஏற்காது. அதாவது பிறந்த தேதி இருந்தும், வயதுப் பிரிவை ஒரு செவிலியர் கையால் சொடுக்க வேண்டும். தவறாகச் சொடுக்கி ரேண்டமைஸ் செய்துவிட்டால் அந்தக் கட்டம் பூட்டிக்கொள்ளும். எனவே கணக்கிட்ட பிரிவும் சொடுக்கிய பிரிவும் வேறுபட்டால் எச்சரிக்கும் தரவுத்தர விதி ஒன்றை எழுதி, சேமிக்கும்போதே ஓடும்படி வையுங்கள். அந்த விதி தரவு உள்ளிடும் படிவத்தில் மட்டுமே உடனுக்குடன் ஓடும். சர்வே பக்கத்திலும் கோப்பு இறக்குமதியிலும் ஓடாது.

அடுக்குகள் 14 வரை வைக்கலாம் என்று அனுமதி இருக்கிறதே என்று அள்ளிப் போட வேண்டாம். மூன்று வயதுப் பிரிவு, நான்கு மையம், இரண்டு நோய்த்தீவிரம் என்றால் பெருக்கிப் பார்த்தால் 24 அறை. 120 குழந்தைகளைப் பகிர்ந்தால் அறைக்கு ஐந்து பேர். நான்கு பேருக்கு ஒருமுறை மருந்துகள் சமமாகும்படி தொகுதி தொகுதியாகப் பட்டியல் போட்டிருந்தால் அறைக்கு அறை அரைகுறைத் தொகுதி நிற்கும், சமநிலைக்காகச் செய்த வேலை சமநிலையையே கெடுக்கும். வயதும் மையமும் போதும்.

இரட்டைக் குழந்தைகளுக்கு இந்தப் பகுதியில் வழியே கிடையாது. ஒரே வீட்டில் ஒருவனுக்கு ஒரு சிரப், இன்னொருவனுக்கு வேறு சிரப் என்றால் புட்டி மாறும். இருவரையும் ஒரே பிரிவில் வை என்று பட்டியலிடம் சொல்ல முடியாது. ஒன்று, குடும்பத்தை ஒரு பதிவாகக் கருதி ரேண்டமைஸ் செய்ய வேண்டும், அல்லது ஒரு குடும்பத்திலிருந்து ஒரு குழந்தைதான் என்று நெறிமுறையில் எழுத வேண்டும். பட்டியலில் மருந்தின் பெயரை எழுதாமல் புட்டி எண்ணை எழுதினால் யார் எந்தப் பிரிவு என்பது திரையில் தெரியாது. ஒரு சிரப் கசந்து மற்றது இனித்தால் தாய்மார்கள் காத்திருப்பு அறையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம், அதற்கு எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மருந்தளவு. குழந்தைகள் காசநோய்க்கான கரையும் மாத்திரையை உதாரணமாகப் பார்க்கலாம். ஐசோனியாசிட் 50, ரிஃபாம்பிசின் 75, பைரசினமைடு 150 மில்லிகிராம் கொண்ட கூட்டு மாத்திரை அது. கடுமையில்லாத காசநோய்க்கு நான்கு மாதச் சிகிச்சை பலனில் ஆறு மாதச் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று காட்டி 2022-ல் முடிவு வெளியான ஷைன் ஆய்வில் ஆப்பிரிக்க நாடுகளோடு இந்தியக் குழந்தைகளும் சேர்த்து 1,204 பேர். அட்டவணையில் 4–7 கிலோவுக்கு ஒரு மாத்திரை, 8–11-க்கு இரண்டு, 12–15-க்கு மூன்று, 16–24-க்கு நான்கு என்று இருக்கும். இதை அப்படியே ரெட்கேப்பில் '4-க்கு மேல், 7 வரை' என்று எழுதினால் 7.6 கிலோ குழந்தைக்குக் கட்டம் காலியாக நிற்கும். பிழைச் செய்தி கூட வராது. '8-க்குக் கீழ்' என்று எழுத வேண்டும்.

எடைக் கட்டத்துக்குச் சும்மா எண் என்று போடாமல் 'ஒரு தசம இடம்' என்ற வகையைப் போடுங்கள். 7.5-க்குப் பதில் 75 என்று தட்டினால் ஏற்காது. பச்சிளங்குழந்தைக்குக் கிராமில் முழு எண் வாங்குவதே நல்லது. குறைந்த, அதிக வரம்பு வைத்தால் அது மிரட்டுமே தவிரத் தடுக்காது, எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுச் சேமிக்கலாம். தடுக்க வேண்டுமென்றால் அதற்கென்று உள்ள 'ஃபோர்ஸ் மின்மேக்ஸ்' குறிச்சொல்லைச் சேர்க்க வேண்டும். நாடித்துடிப்பு போன்றவற்றுக்கு ஒரே வரம்பு உதவாது. நிமிடத்துக்கு 140 பச்சிளங்குழந்தைக்குச் சாதாரணம், பதினைந்து வயதுப் பையனுக்கு இல்லை. வரம்பில் எண்ணுக்குப் பதில் இன்னொரு கட்டத்தின் பெயரைக் கொடுக்கலாம் என்பதால், வயதுக்கேற்ற வரம்பைக் கணக்கிட்டு அங்கே இணைத்துவிடலாம். அதிகம் பேர் பயன்படுத்தாத நல்ல வசதி இது.

கணக்கிட்ட மருந்தளவை, கொடுத்த மருந்தளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது பிற்பாடு எடையைத் திருத்தினால் அளவும் தானே மாறிவிடும், மருந்தாளுநர் அன்று கொடுத்தது மாறாது. 'கொடுத்தது எத்தனை மாத்திரை' என்று கையால் பதியும் கட்டம் தனியாக இருக்க வேண்டும். மருந்து இருப்பு, காலாவதி, திரும்பி வந்த புட்டி இவற்றுக்கு ரெட்கேப்பை நம்ப வேண்டாம். செய்யலாம், ஆனால் படிவத்தை வளைத்து ஒடித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஒரு நோட்டுப்புத்தகமே தேவலை.

ரத்த அளவு, திட்டமிடும் கட்டத்திலேயே கணக்கிட வேண்டியது. ஐரோப்பிய வழிகாட்டுதல்படி ஆய்வுக்காக எடுக்கும் ரத்தம் ஒரு தடவையில் மொத்த ரத்தத்தின் 1 சதவீதத்தையும் நான்கு வாரத்தில் 3 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. மொத்த ரத்தம் கிலோவுக்கு 80 மில்லி என்று வைத்தால் 3 கிலோ சிசுவுக்கு ஒரு தடவைக்கு 2.4 மில்லி, நான்கு வாரத்துக்கு 7.2 மில்லி. ஒரே நாளில் ஆறு முறை இரண்டிரண்டு மில்லி என்று பெரியவர்கள் ஆய்விலிருந்து நகலெடுத்த அட்டவணை இங்கேயே விழுந்துவிடும். குழந்தைக்கு இரண்டு மூன்று மாதிரி மட்டும் எடுத்து, நேரத்தைக் குழந்தைக்குக் குழந்தை மாற்றி வைப்பதுதான் வழி. ரெட்கேப்பில் திட்டமிட்ட விசிட்டுகளின் ரத்தத்தைக் கூட்டுவது எளிது. திட்டமிடாத விசிட்டைத் 'திரும்பத் திரும்ப நிரப்பும் படிவமாக' அமைத்திருந்தால் அவற்றின் கூட்டுத்தொகையைக் கணக்குக் கட்டத்தில் சேர்க்க நேரான வழி கிடையாது. காய்ச்சலோடு நள்ளிரவில் வந்த குழந்தையிடம் ஆய்வுக்காகக் கூடுதலாக எடுத்த 2 மில்லி கணக்கில் விடுபடுவது இப்படித்தான். வாராந்திர அறிக்கையில் கையால் கூட்டிப் பார்க்க ஆள் வையுங்கள்.

தீவிரமான பாதகச் சம்பவம், எல்லோரும் சொல்லும் எஸ்ஏஇ, நடந்த 24 மணி நேரத்துக்குள் மத்திய உரிம அதிகாரிக்கும், ஆய்வுக்குப் பொறுப்பேற்ற ஸ்பான்சருக்கும், ஆய்வின் அறநெறியைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் போக வேண்டும். படிவத்தைச் சேமித்தவுடன் மின்னஞ்சல் போகும்படி அமைக்கலாம், நன்றாக வேலை செய்கிறது. அதே குழந்தைக்கு இரண்டாவது சம்பவம் பதிவாகும்போதும் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். 'ஒரு முறை மட்டும்' என்ற தேர்வைக் கவனிக்காமல் விட்டால் முதல் வாந்தி தெரியும், இரண்டாவது வலிப்பு தெரியாமல் போகலாம். மின்னஞ்சலில் குழந்தையின் பெயர் போகக்கூடாது, பதிவு எண் போதும்.

வீடு வீடாகப் போகும் ஆய்வுக்குக் கைப்பேசிச் செயலி இருக்கிறது, இணையம் இல்லாமலே நிரப்பலாம். ஆனால் அதில் ரேண்டமைஸ் செய்ய முடியாது, தரவு சர்வருக்குப் போகும் முன் கைப்பேசி தொலைந்தால் தரவும் தொலைந்தது. தினமும் மாலை இணைத்துவிட வேண்டும் என்று விதி போடுங்கள். களக்கணக்கெடுப்பு மட்டும்தான் என்றால் கோபோ என்ற தரவுச் சேகரிப்பு மென்பொருள் இதைவிட இலகு.

தமிழில் படிவம் வைக்கலாம். பல மொழி வசதியில் பெற்றோரே மொழியை மாற்றிக்கொள்ளலாம். திரையில் சரியாகத் தெரிவதை வைத்து நம்பிவிடாமல் ஒப்புதல் படிவத்தைப் பிடிஎஃப் ஆக இறக்கிப் பாருங்கள். 'கொடுப்பேன்' என்பதில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் என்று பிரிந்து நின்றால் எதிக்ஸ் கமிட்டியிடம் அதைக் காட்ட முடியாது. அப்போது அச்சடித்த தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றுவதே சரி.

வயதுக்கேற்ற உயரமும் எடையும் இருக்கிறதா என்று காட்டும் வளர்ச்சி மதிப்பெண்ணை இதற்குள்ளேயே கணக்கிட முயல்வது வீண் வேலை. உயரம், எடை, வயது நாள், பாலினம் நான்கையும் சுத்தமாக வாங்கி ஏற்றுமதி செய்து, ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் ஆந்த்ரோ மென்பொருளிலும், அதற்கு மேல் ஆந்த்ரோ பிளஸ்ஸிலும் கொடுத்தால் முடிந்தது. இரண்டு வயதுக்குக் கீழ் படுக்கவைத்து அளந்ததா, நிற்கவைத்தா என்ற கட்டம் மட்டும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு என்று பார்த்தால் உரிமத்துக்குப் பணமில்லை, ஆளுக்குத்தான் பணம். அட்மின் இல்லாத நிறுவனத்தில் இது பூட்டிய அலமாரி. மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் அனுமதிக்காகப் போகும் ஆய்வு என்றால், உங்கள் சர்வரில் நிறுவிய ரெட்கேப் சரிபார்க்கப்பட்டதற்கான ஆவணம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மென்பொருளின் பெயரைச் சொன்னால் அந்தத் தகுதி வந்துவிடாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் சர்வருக்குத் தானே செய்ய வேண்டியது அது. முதுநிலை மாணவர் ஆய்வுக்கும், கல்லூரி முன்கையெடுத்து நடத்தும் பல மைய ஆய்வுக்கும் தாராளமாக எடுக்கலாம். புதிய மூலக்கூறின் முதற்கட்டக் குழந்தை ஆய்வுக்கு, மருந்து இருப்போடு இணைந்த கட்டண மென்பொருளே மேல்.

நிஜ ஆய்வுக்கு மாற்றும் பொத்தானை அமுக்குவதற்கு முன் கற்பனைக் குழந்தைகளைச் சேர்த்துப் பாருங்கள்: பிப்ரவரி 1-ல் பிறந்து ஆகஸ்ட் 1-ல் வருகிறவள், 7.6 கிலோ, 32 வாரத்தில் பிறந்த இரட்டையரில் இரண்டாமவன், அடுத்த மாதம் பன்னிரண்டு நிரம்புகிறவன், இரண்டு எஸ்ஏஇ ஆனவள். அந்த ஐந்து பேரின் தரவையும் ஏற்றுமதி செய்து புள்ளியியலாளரிடம் கொடுத்து, அவர் சரியென்ற பிறகு பொத்தானை அமுக்குங்கள். அதற்குப் பிறகு விடைப் பட்டியலில் ஓர் எண்ணை நீக்கினாலும் ஏற்கெனவே பதிந்த விடைகள் பெயரில்லாத எண்ணாக நிற்கும், அதைச் சரிசெய்ய அட்மினின் கதவைத்தான் தட்ட வேண்டும்.